அக்காவின் நோய்க்கான மருந்தைத் தம்பி இழுத்துப் பார்க்கலாமா?

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயது இளைஞர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அவருடைய அக்காவுக்கு 35 வயது, இரண்டு பிள்ளைகள். சிறு வயதிலிருந்து தீவுகளுக்குப் போய் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு முங்கி எழும்போது மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. பிறகு குடம் தூக்கினாலே மூச்சிரைப்பு, காலில் வீக்கம், ஒருநாள் படித்துறையில் மயக்கம். எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் ஓட்டையோ வால்வுக் கோளாறோ இல்லை, நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிக அதிகம் என்று சொல்லி, சில்டெனாஃபில் மாத்திரை மூன்று வேளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மதுரைக்குப் போய் மேல் பரிசோதனை செய்யச் சொன்னதும் நடக்கவில்லை, மாத்திரையும் ஒழுங்காக நடக்கவில்லை.

இதற்கிடையே நண்பர் மூலமாக ஒரு புரோக்கர் அறிமுகமாகிறார். வெளிமாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம், இதே நோய்க்கு மூச்சில் இழுக்கும் புது மருந்து, வெளிநாட்டுக் கம்பெனியுடையது, மனிதர்களுக்கு இப்போதுதான் முதல் தடவை, ஆரோக்கியமான ஆண்கள் வேண்டும், பத்து நாள் தங்கினால் 40,000 ரூபாய், அதில் 10,000 தனக்கு என்கிறார். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கையில் காசில்லாத காலம் என்பதால் தம்பிக்கு ஆசை வந்திருக்கிறது. "நான் முதலில் இழுத்துப் பார்த்தால் அக்காவுக்குச் சீக்கிரம் கிடைக்கும்தானே? முடிந்தால் ஒன்றிரண்டு மருந்தை மறைத்து எடுத்து வந்து அக்காவுக்குக் கொடுக்கலாமா? எனக்கு ஏதாவது ஆனால் இரண்டு லட்சம் இன்சூரன்ஸ் என்கிறார்கள், சரிதானா?" என்று கேட்கிறார். போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயங்களையும் எழுதியிருக்கிறார்: தினம் ஒரு கட்டு பீடி குடிக்கிறார், பிப்ரவரியில் வேறொரு மாத்திரைச் சோதனைக்குப் போய் வந்திருக்கிறார். இரண்டையும் சொல்லக்கூடாது என்பது புரோக்கரின் அறிவுரை.

நான் நுரையீரல் மருத்துவர். சில வருடங்கள் ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து இத்தகைய சோதனைகளின் ஒப்புதல் படிவங்களைப் படித்தவன். அந்த இரண்டு அனுபவத்திலிருந்தும் பதில் சொல்கிறேன்.

தம்பி,

நீங்கள் இழுத்துப் பார்ப்பதால் அக்காவுக்கு அந்த மருந்து ஒருநாள் கூட முன்னால் கிடைக்காது. உங்கள் மற்ற கணக்கெல்லாம் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் கட்டச் சோதனையில் மருந்து நோயைக் குறைக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. புதுப் படகைக் கடலில் இறக்கும் அன்று மீன் பிடிக்கவா போகிறோம்? தண்ணீர் ஏறுகிறதா, ஒருபக்கம் சாய்கிறதா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். அங்கேயும் அப்படித்தான். எந்த அளவு வரை உடம்பு தாங்குகிறது, இழுத்த மருந்தில் எவ்வளவு இரத்தத்தில் கலக்கிறது, எத்தனை மணி நேரம் தங்குகிறது என்று பார்ப்பார்கள். ஒரு சிறு குழுவுக்கு மிகக் குறைந்த அளவு கொடுத்து, அவர்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த குழுவுக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். குழுவில் சிலருக்கு மருந்தே இல்லாத பொடி. பெரும்பாலும் யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. மணிக்கணக்காக ஊசி குத்தி இரத்தம் எடுப்பார்கள், இ.சி.ஜி. எடுப்பார்கள், குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்ப்பார்கள்.

இந்த நோய்க்கு மூச்சில் இழுக்கும் மருந்து என்ற யோசனை நல்ல யோசனைதான். மாத்திரையாகக் கொடுத்தால் உடம்பு முழுக்க இரத்தக் குழாய்கள் விரியும், பிரஷர் இறங்கும், தலை சுற்றும். மூச்சில் இழுத்தால் மருந்து தேவைப்படும் இடத்துக்கே நேராகப் போகிறது. இது புதிதும் இல்லை. ஐலோப்ரோஸ்ட் என்ற இழுப்பு மருந்துக்கு அமெரிக்காவில் 2004-லேயே அனுமதி கிடைத்தது. அதை ஒரு நாளைக்கு ஆறு முதல் ஒன்பது முறை இழுக்க வேண்டும். யாரால் முடியும்? 2009-இல் வந்த டிரெப்ரோஸ்டினில் அதை நான்கு முறையாகக் குறைத்தது. ஒரு தடவை இழுத்தால் நாள் முழுக்க வேலை செய்யுமா, குழாய் விரிவதோடு நிற்காமல் குழாயின் சுவர் தடித்துப்போவதையே தடுக்குமா என்றுதான் இப்போது தேடுகிறார்கள்.

ஆனால் முதல் கட்டத்தைத் தாண்டுவதும் பலன் கொடுப்பதும் வேறு வேறு. இமாடினிப் என்று ஒரு புற்றுநோய் மாத்திரை உண்டு. இந்த நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகள் கூடுதல் தூரம் நடந்தார்கள், ஆனால் சிலருக்கு மூளை உறைக்கு அடியில் இரத்தம் கசிந்தது. சரி, மாத்திரையாக வேண்டாம், பொடியாக்கி இழுக்கச் செய்தால் இரத்தத்தில் குறைவாகத்தானே கலக்கும் என்று ஒரு நிறுவனம் முயன்றது. ஆரோக்கியமானவர்களிடம் செய்த முதல் கட்டம் தடங்கல் இல்லாமல் முடிந்தது. நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்த அடுத்த கட்டத்தில், எந்த அளவில் கொடுத்தாலும் நுரையீரல் இரத்தக் குழாய்களின் தடை எதிர்பார்த்தபடி குறையவில்லை. 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். முதல் கட்டத்தில் இழுத்தவர்களில் உங்களைப் போல அக்காவுக்காக வந்தவர் யாராவது இருந்திருந்தால், அவர் அக்காவுக்கு என்ன கிடைத்திருக்கும்?

மருந்தை மறைத்து எடுத்து வருவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஒவ்வொரு கேப்ஸ்யூலுக்கும் கணக்கு உண்டு, ஆள் எதிரில் நின்றுதான் இழுக்க வைப்பார்கள், அதனால் நடக்கவும் நடக்காது. நடந்தால்தான் ஆபத்து. அக்காவின் இதயத்தின் வலது பக்கம் ஏற்கனவே பாரம் தாங்காமல் திணறுகிறது. சில்டெனாஃபில் உள்ளே இருக்கும்போது அளவு தெரியாத இன்னொரு மருந்து சேர்ந்து பிரஷர் சட்டென்று இறங்கினால், மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

நீங்கள் ஆரோக்கியமானவர்தானா?

புரோக்கர் இதைக் கேட்டிருக்க மாட்டார். காரணம் தெரியாமல் வரும் இந்த நோயில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவில் உள்ள கோளாறுதான் அதில் முக்கியமானது. 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோளாறு இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது, பெண்களுக்கு வருவது அதிகம், ஆனால் ஆண்களுக்கும் வரும். உங்கள் அக்காவுக்கு இருப்பது அந்த வகையா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. பார்க்காத வரைக்கும் கூடப்பிறந்தவரான நீங்கள் "ஆரோக்கியமான ஆள்" என்ற வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியாது. பயமுறுத்தச் சொல்லவில்லை, உங்களுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள், சோதனைக்குப் போனாலும் போகாவிட்டாலும். உங்கள் சித்தி ஒருவர் சின்ன வயதில் 'மூச்சு அடைத்து' இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பீடிக்கும் இதே கதைதான். நுரையீரல் வழியாகப் போகிற மருந்து, புகை பட்ட நுரையீரலில் வேறு மாதிரி உள்ளே போகும். மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கவும் செய்யலாம். அதனால்தான் இந்தச் சோதனைகளில் புகைப்பவர்களை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. பிப்ரவரிச் சோதனையை மறைப்பதும் உங்கள் உடம்பை வைத்து ஆடும் ஆட்டம். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் மூன்று மாதமாவது இடைவெளி வைப்பது வழக்கம். பழைய மருந்து உடம்பை விட்டுப் போக வேண்டும், எடுத்த இரத்தம் திரும்ப ஊற வேண்டும். மறைத்துப் போய் உள்ளே ஏதாவது நடந்தால், எதனால் நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய மருத்துவர் இருட்டில் தடவுவார். இழப்பீடு கேட்கும்போது "இவர் பொய் சொல்லிச் சேர்ந்தவர்" என்பதுதான் முதல் எதிர்வாதமாக வரும். அந்த வாதத்தைச் சொல்லும்போது புரோக்கர் அங்கே இருக்க மாட்டார்.

ஆபத்து எவ்வளவு? ஒழுங்காக நடக்கும் முதல் கட்டச் சோதனைகளில் பெரும்பாலும் இருமல், தொண்டை எரிச்சல், தலைவலி, தலைசுற்றல், முகம் சூடாவது இவற்றோடு போய்விடும். ஆனால் எப்போதும் இல்லை. 2006 மார்ச்சில் லண்டனில் ஒரு புது மருந்தை ஆறு ஆரோக்கியமான ஆண்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் தப்பினார்கள், ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார். அது ஊசி மருந்து, வேறு நோய்க்கானது. நீங்கள் சொல்லும் இழுப்பு மருந்தோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் முதல் ஆளுக்குக் கொடுத்துக் காத்திருந்து பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கும் முறை அதற்குப் பிறகுதான் வலுப்பட்டது. போகிற இடத்தில் "முதல் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

புரோக்கர் சொன்னதும் சட்டம் சொல்வதும்

இந்தியாவில் இதற்கென்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் இருக்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் புரோக்கர் பேச்சில் ஓர் இடம் இடிக்கிறது. வெளிநாட்டில் கண்டுபிடித்த மருந்தென்றால், அதை முதலில் வெளியில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் கட்ட விவரங்களைக் கொடுத்த பிறகுதான் இங்கே அந்தக் கட்டத்தைத் திரும்பச் செய்யவோ அடுத்த கட்டத்துக்குப் போகவோ அனுமதி. "வெளிநாட்டு மருந்து, மனிதர்களுக்கு முதல் தடவை, இங்கேதான்" என்ற மூன்றும் ஒன்றாகப் பொருந்தாது. ஒன்று, அவருக்கு விவரம் தெரியவில்லை. இல்லையென்றால், நடப்பது அனுமதி பெற்ற சோதனை இல்லை.

கண்டுபிடிக்க வழி உண்டு. 2009 ஜூன் 15 முதல், நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனை எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் ஆள் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் அதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண்ணைப் புரோக்கரிடம் கேளுங்கள். எண்ணைத் தட்டினால் மருந்து, நடத்தும் நிறுவனம், எந்த ஊரில் எந்த மருத்துவர் பொறுப்பு, நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்ததா என்பதெல்லாம் வரும். எண் தர முடியாது என்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

பணம் கொடுப்பது சட்டவிரோதம் இல்லை. ஆனால் எவ்வளவு, எப்படி என்பது உங்கள் கையில் தரும் தகவல் தாளில் எழுதியிருக்க வேண்டும், நெறிமுறைக் குழு அதைப் பார்த்திருக்க வேண்டும். பாதியில் வேண்டாம் என்று வந்துவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. "பத்து நாள் இருந்தால்தான் பைசா" என்று கட்டிப்போடக்கூடாது, இருந்த நாளுக்கு ஏற்றபடி தர வேண்டும். புரோக்கரின் பத்தாயிரம் எந்தத் தாளிலும் இருக்காது. உங்கள் இரத்தத்தை விற்றுத் தரகு வாங்குகிறார், வேறொன்றும் இல்லை.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில் இருக்க வேண்டும், பிரதி ஒன்று உங்களுக்குத் தர வேண்டும். இன்னொன்றும் உண்டு. முற்றிலும் புதிய மருந்தென்றால், எளிதில் வற்புறுத்தப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுக்கச் சொல்கிறது விதி. வேலையில்லாதவர்களும் ஏழைகளும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்திருக்கும் மீனவருக்கும் அது பொருந்தும் என்றுதான் குழுவில் இருந்தபோது நான் வாதாடியிருப்பேன்.

இரண்டு லட்சம் இன்சூரன்ஸ் பேச்சை நம்பாதீர்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் தேவைப்படும் வரை, அல்லது அது சோதனையால் வந்ததில்லை என்று உறுதியாகும் வரை, இலவச சிகிச்சை தர வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சட்டத்திலேயே சூத்திரம் இருக்கிறது: எட்டு லட்சத்தை அடிப்படையாக வைத்து வயதுக்கு ஓர் எண், உடல்நிலைக்கு ஓர் எண் என்று பெருக்குவார்கள். ஆரோக்கியமானவருக்குத்தான் மிகப் பெரிய எண். உங்கள் வயதுக்கு அது 60 லட்சத்தைத் தாண்டும். பணத்தாசை காட்ட இதைச் சொல்லவில்லை. இரண்டு லட்சத்துக்கு வாயை மூடு என்று ஒரு கையெழுத்து வாங்குகிற இடம் எப்படிப்பட்ட இடம் என்று புரிய வேண்டும், அதற்காக.

இத்தனைக்கும் பிறகு போகலாமா என்று கேட்டால், இந்த முறை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முதல் கட்டச் சோதனைக்குப் போகிறவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் எந்தப் புது மருந்தும் இல்லை. ஆனால் விவரம் தெரிந்து, மறைக்க ஒன்றுமில்லாமல், எக்கோ பார்த்து, பதிவு எண் கேட்டுப் போகிறவர் வேறு. கடனுக்கும் பாசத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பொய்யோடு போகிறவர் வேறு.

அந்தப் பத்து நாளை அக்காவுக்குக் கொடுங்கள்

அக்காவுக்கு இன்னும் நடக்காதது நிறைய இருக்கிறது. எக்கோ சொல்வது ஓர் ஊகம்தான். வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை நேராக அளந்தால்தான் நோய் உறுதியாகும். நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 20 மி.மீ.க்கு மேல் போனால் உயர் அழுத்தம் என்பது இப்போதைய கணக்கு. அதோடு, நுரையீரலில் பழைய இரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வகையாக இருந்தால் பலருக்கு அறுவை சிகிச்சையால் பெருமளவு சரியாக்க முடியும். வெறும் சில்டெனாஃபிலோடு காலத்தை ஓட்டுவது அப்போது பெரிய நஷ்டம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் இதயப் பிரிவில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய், எந்தப் பரிசோதனை அதில் வரும் என்று காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நோய் உறுதியானால் ஒரே மாத்திரையோடு நிற்க வேண்டியதில்லை. டடலாஃபில், பொசெண்டான், அம்ப்ரிசெண்டான் போன்றவை இங்கேயே கிடைக்கின்றன. இரண்டு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இன்று வழக்கம். பிற்காலத்தில் நோயாளிகளுக்கான அடுத்த கட்டச் சோதனை ஏதாவது நம் பக்கம் வந்தால் அக்கா சேரலாம், தவறில்லை. ஆனால் அதற்கும் பொதுவாக அந்தக் குழாய்ப் பரிசோதனையின் அளவும், வழக்கமான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு வருவதும்தான் நுழைவுச் சீட்டு. எந்த வழியில் போனாலும் மதுரைதான் முதல் படி.

பாசிக்கு முங்குவதை அக்கா இன்றோடு நிறுத்த வேண்டும். மூச்சை அடக்கினால் நுரையீரல் குழாய்கள் இன்னும் சுருங்கும். தண்ணீருக்குள் மயக்கம் வந்தால் பக்கத்தில் யார் இருந்தும் பயனில்லை. கரையில் உட்கார்ந்து பாசி உலர்த்துவது, பிரிப்பது சரி. இன்னொரு குழந்தை வேண்டவே வேண்டாம். இந்த நோயோடு கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து, பொசெண்டான் வகை மருந்துகள் கருவையும் பாதிக்கும். இதை நீங்கள் பேச முடியாது, மச்சானோடு அக்காவை மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை யாராவது அவசரத்துக்குக் கொடுத்தால் அக்கா வாங்கக்கூடாது. சில்டெனாஃபிலோடு அது சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியிருந்தீர்களே, மருந்துக் கடைப் பையன் சீட்டைப் பார்த்துச் சிரித்ததால் அக்கா அந்தக் கடைக்கே போவதில்லை, இருக்கிற மாத்திரையை ஒரு வேளையாகக் குறைத்துச் சாப்பிடுகிறார் என்று. அந்த மாத்திரை ஆண்மைக் குறைவுக்கு விற்கிற அதே மருந்துதான். நுரையீரல் அழுத்தத்துக்கு அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெற்று உலகம் முழுக்கப் பெண்களும் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். திடீரென்று குறைப்பதும் விட்டுவிட்டுச் சாப்பிடுவதும் அக்காவுக்கு நல்லதல்ல. இனி சீட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள். ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்குங்கள். அந்தப் பையன் திரும்பச் சிரித்தால், கடை முதலாளியைக் கூப்பிட்டு இது எதற்கான மாத்திரை என்று நாலு பேர் கேட்கும்படி சொல்லுங்கள்.